நொச்சி துளிர்த்த பக்கம்

என் வீட்டைப் பற்றி ஊரெல்லாம் கதைத்தார்கள். என்னிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும் சாகும்வரை அதில் குடியிருக்கப் போகிறவள் நான்தான்.

எங்கள் கரையில் கல்யாணம் முடித்த பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் தன் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வார். அதனால் பெண்பிள்ளை பிறந்த அன்றே அவளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்ற கவலையும் பிறந்துவிடும். எங்கள் வாப்பாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள். மூத்தவள் ராத்தாவின் கல்யாணத்தோடு நாங்கள் இருந்த கல்வீடு அவளுக்குப் போயிற்று. வாப்பா, உம்மா, நான், தங்கச்சி எல்லோரும் அதே வளவில், அதே வேலிக்குள், தறிக் கொட்டிலை ஒட்டிய தென்னோலைக் கிடுகு வீட்டுக்கு மாறினோம். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அடுத்தது என் முறை என்று எனக்குத் தெரியும்.

வாப்பா நெசவுக்காரர். அந்த ஐம்பதுகளில் மருதமுனையில் விடிந்தால் தறிச் சத்தம்தான். இடுப்பில் கட்டுகிற சாறன் நெய்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஆறு கடந்து சவளக்கடைப் பக்கம் வரை போய் விற்றுவிட்டு வருவார். கண்ணை மூடிக்கொண்டு நூலைத் தொட்டாலே அது எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். மண்ணைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. அதுதான் எங்கள் தொல்லை.

எனக்கென்று அவர் வைத்திருந்த வளவு ஊரின் மேற்குக் கோடியில் இருந்தது. ஊருக்குள்ளிருந்து வருகிற ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, முடிகிற இடத்தில் தொடங்கி ஆறு வரைக்கும் போகும். ஆறு என்று நாங்கள் சொல்வது உண்மையில் ஓடுகிற ஆறு அல்ல, கடலை ஒட்டிய களப்பின் தென்கோடி. மாரியில் பெருகும், வெயில் காலத்தில் வற்றிப் பின்வாங்கும். அந்த வளவுக்குள் யாரும் குடியிருந்ததில்லை. மாடு மேயும், பாய் பின்னப் பன்புல் வெட்டுகிற பெண்கள் வருவார்கள், அவ்வளவுதான்.

நான் அந்த வளவுக்குள் போயிருக்கிறேன். ராத்தாவின் முதல் பிள்ளை பிறந்தபோது நான் இன்னும் வெளியே ஓடித் திரிகிற வயது. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் முடியும்வரை நொச்சி இலை அவித்த தண்ணீரில்தான் குளிப்பு. வேதுத் தண்ணி என்போம். அந்த இலைக்கு எங்களுக்குப் பக்கத்தில் இருந்த இடம் அந்த வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கடகப் பெட்டியோடு போவேன்.

ஒழுங்கையை விட்டு இறங்கிய உடனே கால் புதையும். வெயில் கொளுத்துகிற காலத்திலும் புதையும். அங்கே பன் எங்கள் தலைக்கு மேல் நிற்கும். பன்னுக்குள் கோரை, கோரை முடிகிற இடத்தில் நீர்முள்ளி. நீர்முள்ளியின் நீலப்பூவுக்கு ஆசைப்பட்டுக் கை வைத்தவள் அழுதுகொண்டுதான் திரும்புவாள். அதைத் தாண்டினால் வல்லாரையும் பொன்னாங்காணியும் படர்ந்த ஈர மண். அதில் ஒருத்தி கறிக்கு இலை கிள்ள உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதற்கும் அப்பால் போனால் மண் வெளிறி மணலாகும். காலில் ஒட்டிய சேறு நடக்க நடக்கக் காய்ந்து தானாக உதிரும். அங்கேதான் நொச்சி நின்றது. ஒன்று இரண்டல்ல, ஒரு வீடு கட்டுகிற அளவுக்குப் பரந்து, ஊதாப் பூவும் சாம்பல் இலையுமாக நின்றது. நொச்சிக்கு அடுத்த கரையில் தாழை. தாழைக்குக் கீழே தண்ணீரில் வேரை ஊன்றிக்கொண்டு கண்டல்.

நொச்சிக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் வந்து காலைத் தொட்டுவிட்டுப் போனால் அதற்குச் சந்தோஷம். வந்து குடியிருக்கத் தொடங்கினால் செத்துப்போகும். வந்து போகிற விருந்தாளியைப் பிடிக்கும், தங்குகிற விருந்தாளியைப் பிடிக்காது என்கிற பெண்களைப் போலத்தான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சேறு எங்கே ஒட்டியது, எங்கே உதிர்ந்தது என்று என் காலுக்குத் தெரியும்.

எனக்குச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பேசினார்கள். கல்முனையில் ஓர் அரிசிக் கடையில் நிற்பவர். பேச்சு முற்றானதும் வேலிக்கு வெளியே நான் கால் வைப்பது நின்றது. குமருப் பிள்ளை, அதுவும் பேசி முடித்த பிள்ளை, ஒழுங்கையில் தலை காட்டக் கூடாது. வீட்டுக்குள் இருந்து வாப்பாவின் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொடுப்பதுதான் என் வேலை. தறியின் நாழியில் கிடந்து அங்குமிங்கும் ஓடுகிற நூல்கூட என்னைவிட அதிக தூரம் போய் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வளவு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வாப்பாவுக்கு ஒரே பரபரப்பு. பற்றைக் காடாகக் கிடக்கிற வளவையா காட்டுவது? வெளுத்து மடித்த வேட்டி மாதிரி இருக்க வேண்டும் என்றார். ஆட்களைப் பிடித்து, ஒழுங்கைத் தலைப்பிலிருந்து ஆற்றங்கரை வரை ஒன்று விடாமல் வெட்டச் சொன்னார். வெட்டியதெல்லாம் கச்சான் என்கிற மேல்காற்று வீசும் வெயிலில் காய்ந்தது. பிறகு நெருப்பு வைத்தார்கள்.

அன்று நான் முற்றத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். கச்சான் காற்று புகையை ஊருக்குள் தள்ளிக்கொண்டு வந்தது. மூக்கில் பட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டு மணம். ஊர் முழுவதற்கும் வேது பிடித்ததுபோல் நொச்சி எரிந்துகொண்டிருந்தது. உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "நுளம்புக் கடியாவது குறையட்டும்" என்றா. எனக்கு வயிறு எரிந்தது. பூவும் இலையும் போனதற்காக மட்டும் இல்லை. வளவில் எது பள்ளம், எது மேடு என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்தச் செடிகள்தான். வேறு அடையாளம் எதுவும் அங்கே கிடையாது.

வாப்பா நினைத்தபடியே ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்று பார்த்து, சுத்தமான வளவு, ஒரே மட்டமான வளவு என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். கோடையில் காய்ந்து கறுத்துக் கிடக்கிற மண்ணில் பள்ளம் எப்படித் தெரியும்? மாப்பிள்ளையின் உம்மா ஒழுங்கைத் தலைப்பில் நின்று, "இஞ்ச முன்னுக்குக் கட்டினா வாசலால வண்டியும் வரும், ஆளும் வரும்" என்று சொன்னாவாம். வாப்பாவுக்கும் அதுவே விருப்பம். ஆற்றுப் பக்கம் போகப் போகப் பள்ளம் என்றுதானே எவரும் நினைப்பார்கள். வீடு கட்டுகிற மேசனைக் கூட்டி வந்து, தறியின் பாவு நூலையே இழுத்துக் கட்டி அளந்து, பள்ளிவாசல் லெப்பையை அழைத்துத் துஆ ஓதிக் கல்லும் வைத்தார்கள். எல்லோருக்கும் வாழைப்பழமும் சர்க்கரைத் தண்ணீரும் கிடைத்தன. எனக்கும் ஒரு பழம் வீட்டுக்கு வந்தது.

நான் உம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "உம்மா, கல்லு வெச்ச இடம் பன் நிண்ட இடம். மாரியில முழங்காலுக்குத் தண்ணி நிக்கும். நொச்சி நிண்ட பக்கம்தான் மேடு. வாப்பாட்டச் சொல்லுங்க."

அன்று மாலை உம்மா வாப்பாவிடம் சொன்னா. கிடுகு மறைப்புக்கு இந்தப் பக்கம் நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

"ஒழுங்கைப் பக்கம் பள்ளமாம். ஆத்துப் பக்கம்தான் மேடாம். இவள் சொல்றாள்."

வாப்பா தறியை நிறுத்தவே இல்லை. "ஆத்துக்குப் பக்கத்துல மேடா? அப்ப ஆறு என்ன, மரத்துலயா நிக்கிது? தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும் எண்டு சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

"நான் என்னத்தக் கண்டன்? அவள் சொன்னதச் சொன்னன்."

"குமருப் புள்ளைக்கு என்னத்துக்கு மேசன் வேலை?" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வாப்பா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் தறியை விட்டுவிட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர். ஆனாலும் அன்று எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். மறுநாள் நான் சுற்றிய தாரெல்லாம் அறுந்து அறுந்து முடிச்சாயிற்று. தறியில் போட்டதும் அவர், "இது என்ன, நூலா முள்ளுக்கம்பியா?" என்று கத்தினார். நான் அடுத்த தாரை எடுத்தேன். நடு வீட்டில் தண்ணீர் ஏற, நான் கட்டிலில் உட்கார்ந்து பானை சட்டி மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கனவுகூடக் கண்டேன். வீட்டை ஒருமுறை கட்டிவிட்டால் தூக்கி வைக்க முடியுமா? ஒரு தகப்பனுக்கு ஒரு மகளுக்கு ஒரு வீடு கட்டத்தான் சீவன் இருக்கும். அது தண்ணீரில் நின்றால் என் காலம் முழுக்கத் தண்ணீரில்தான்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஐப்பசி பிறக்கும் முன்பே இறங்கி, விடாமல் பெய்தது. மேசன் அத்திவாரம் வெட்டிவிட்டு, மழை விடட்டும் என்று போய்விட்டார். அந்த மழைக்குள்தான் ராத்தாவுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம் என்று தெரிந்ததும் உம்மா கேட்ட முதல் கேள்வி நொச்சி இலைக்கு என்ன செய்வது என்பதுதான்.

வாப்பா தலையைச் சொறிந்தார். "காரைதீவுல சாறன் வாங்குற ஆக்கள் இரிக்காங்க. அவங்கட வேலியில நொச்சி கண்ட ஞாபகம். போய்க் கேட்டுப் பார்க்கிறன்" என்று சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, மறைப்பை விட்டு வெளியே வந்தேன். "காரைதீவுக்கு ஏன் வாப்பா? நம்மட வளவுலயே இரிக்கும்."

"அதுதான் எரிச்சாச்சே புள்ள."

"எரிச்சா என்ன? நொச்சிட வேர் சாகாது. மழை பெய்ஞ்சிரிக்கு, துளிர்த்திரிக்கும். போய்ப் பாருங்க வாப்பா. எங்க துளிர்த்திரிக்கி எண்டு பார்த்து வெட்டுங்க."

என் வழக்கு முழுவதும் அந்தக் கடைசி வார்த்தைகளில்தான் இருந்தது. அவருக்கு அது விளங்கவில்லை. காரைதீவைவிட வளவு கிட்ட என்ற ஒன்றுதான் விளங்கியது. கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லியும் ஆளைக் காணவில்லை. உம்மா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தா. கடைசியில் வந்தார். சாறன் தொடை வரை சேறு. தலையில் நொச்சிக் கட்டு. நேரே கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் கால் கழுவினார். உம்மாவிடம் அவர் சொன்னதை நான் அடுக்களைக்குள் இருந்தே கேட்டேன்.

ஒழுங்கையை விட்டு இறங்கியதுமே முழங்கால் தண்ணீராம். வெட்டிய அத்திவாரம் எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லையாம். மேசன் அடித்த முளைகளின் தலை மட்டும் வெளியே தெரிந்ததாம். அதற்குள் பன் பச்சைப் பசேலென்று எழும்பி நிற்க, தவளைகள் கச்சேரி வைத்ததாம். ஆற்றுப் பக்கம் இன்னும் ஆழமாக இருக்கும் என்று பயந்து பயந்து கால் வைத்தாராம். போகப் போகத் தண்ணீர் முழங்காலுக்கு, கரண்டைக்கு, பாதத்துக்கு என்று இறங்கியதாம். பிறகு மணல். கரிக்கட்டையாக நின்ற ஒவ்வொரு நொச்சிக் கட்டையிலிருந்தும் கொத்துக் கொத்தாகத் துளிர்.

"அந்த மழைக்குள்ளயும் நிலம் காய்ஞ்சு கெடக்கு. நான் அதுல குந்தி இரிந்திட்டன்" என்றார் வாப்பா.

"இவ்வளவு நேரமுமா?"

"ஓம். யோசிச்சன்."

அடுக்களைப் பக்கம் திரும்பி ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் உம்மாவிடம், நான் கேட்கிற மாதிரி, "உன்ட மகள்ட கதை சரி. கல்ல எடுக்கோணும்" என்றார். நான் நொச்சி இலையை உருவிக்கொண்டிருந்தேன். கை அதுபாட்டுக்கு உருவியது, கண் நிறைந்துவிட்டது.

கல்லை எடுப்பது சுலபமாக இல்லை. ஓதி வைத்த கல்லை அசைப்பதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். வாப்பா லெப்பையிடமே போனார். அவர், "நான் ஓதினது கல்லுக்கு இல்லை, குடியிருக்கப் போற ஆக்களுக்கு. அவங்க எங்க போறாங்களோ துஆவும் அங்க போகும்" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதருக்கு அல்லாஹ் நல்ல இடம் கொடுக்கட்டும்.

மாமியோ அப்படி லேசில் விடுகிற ஆள் இல்லை. மாப்பிள்ளையின் உம்மாவைச் சொல்கிறேன். வீடு ஆற்றுப் பக்கம் போகிறது என்று கேள்விப்பட்டதும் ஆள் அனுப்பினா. "என்ட மகன் கல்முனையில கடையில நிக்கிறவன். ஆத்தோரத்துல குந்தி இரால் புடிக்கவா மாப்பிள்ளை தாறம்? ஒழுங்கைப் பக்கம் எண்டுதான் பேச்சு. நீங்க பேச்சை மாத்தினா நாங்களும் மாத்துவம்."

இது வெறும் மிரட்டல் இல்லை. வீட்டுப் பேச்சில் குழம்பிப்போன கல்யாணங்கள் எங்கள் ஊரில் எத்தனையோ உண்டு. உம்மா பயந்து, "பேசாம முன்னுக்கே கட்டுங்க, மண் போட்டு உயர்த்துவம்" என்றா. முன்பு சிரித்த வாப்பா இப்போது அசையவில்லை. "இந்த மண்ணுல குந்திப் பார்த்தவன் நான்" என்றார். மாமிக்கு ஒரே ஒரு மறுமொழிதான் அனுப்பினார்: வந்து பாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மாமி வந்தா. எனக்குப் போக முடியாது. உம்மா போனா. அதன் பிறகு உம்மா அந்தக் கதையை எத்தனை தரம் சொன்னாலும் நடுவில் சிரிப்பு வந்து சொல்ல முடியாமல் போகும். மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்ததால் முன்பக்கத்துத் தண்ணீர் கொஞ்சம் வற்றி, மேலே கோரை முளைத்துப் புல்வெளி மாதிரி இருந்ததாம். மாமி புதுச் செருப்போடு, "இதுல என்ன பள்ளம் கண்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே கால் வைத்தாவாம். கால் கெண்டை வரை போயிற்று. உம்மாவும் இன்னொரு பெண்ணும் பிடித்து இழுத்தார்கள். கால் வந்தது. செருப்பு வரவில்லை. அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

மற்றச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாமி ஓரத்தால் சுற்றி ஆற்றுப் பக்கம் போனாவாம். நொச்சி நின்ற மணலில் ஏறிக் காலால் தட்டித் தட்டிப் பார்த்தாவாம். சேறு காய்ந்து உதிர்ந்தது. குனிந்து ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தா.

"இது நொச்சியெல்லோ?"

"ஓம்" என்றா உம்மா.

"இரிக்கட்டும். மருமகளுக்கு வேதுக்கு உதவும்."

மருமகள் என்று சொல்லிவிட்டா. உம்மா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டா. எதற்கு என்று தெரியாமலே தங்கச்சியும் வந்து சேர்ந்து கட்டிப் பிடித்தாள்.

மாரி முடிந்ததும் வீடு எழும்பியது. இந்த முறை வாப்பா வீட்டுக்கும் கிணற்றுக்கும் வேண்டிய இடத்தை மட்டும் வெட்டச் சொன்னார். சுற்றிவர நொச்சியை விட்டுவிட்டார், அதுவே வேலியாயிற்று. கரையைப் பிடித்துக்கொண்டு நின்ற தாழைப் புதர்கள் வேரிலிருந்து திரும்பவும் வந்தன. ஒழுங்கையிலிருந்து வீட்டு வாசலுக்கு, பன் நின்ற பள்ளத்தின் குறுக்கே, மண் கொட்டி ஒரு வரம்பு கட்டினார்கள். வரம்பின் இரண்டு பக்கமும் பன் பழையபடி தலைக்கு மேல் வளர்ந்தது. பாய் பின்னுகிற பெண்கள் பன் வெட்ட வந்து, வெட்டிய களைப்புக்கு என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

கல்யாணம் முடிந்து சில நாளில்தான் அவர் ஒரு கதை சொன்னார். அவர் என்றால் என் வீட்டுக்காரர். அந்த மழைக்குள் ஒருநாள் கடை விட்டு வரும்போது சைக்கிளைத் திருப்பி எங்கள் ஒழுங்கைக்குள் வந்திருக்கிறார். அத்திவாரம் குளமாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் போய்த் தன் உம்மாவிடம், "முன்னுக்குக் கட்டினாலும் எனக்குச் சம்மதம்தான். ஒரு தோணியும் சேர்த்துத் தரச் சொல்லுங்க" என்று சொன்னாராம். மாமி அதனால்தான் நேரில் வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறா. முன்பே இதைச் சொல்லியிருந்தால் நான் எத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்! அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கோபம் தரவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மாரியில் பெருவெள்ளம் வந்தது. எனக்குத் தலைப்பிள்ளை பிறந்து சில நாள்தான். வானம் கிழிந்ததுபோல் கொட்டியது. ஒழுங்கை ஆறாயிற்று. ஆறு எங்கள் தாழைக்கு மேலால் ஏறியது. முன்பக்கத்துப் பன் தலை மட்டும் காட்டி ஆடியது. வரம்பு எங்கே என்றே தெரியவில்லை. கடைக்குப் போன என் வீட்டுக்காரர் வெள்ளத்தால் கல்முனையிலேயே நின்றுவிட்டார்; பேறுகாலத்துக்கு வந்த மாமிதான் என்னோடு இருந்தா. பிள்ளையை அணைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்த எனக்கு அந்தப் பழைய கனவு ஞாபகம் வந்தது. நடு வீடு, கட்டில், மிதக்கிற பானை. பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்தேன். நொச்சியை நம்பி வீட்டை இங்கே கொண்டுவந்தவள் நான். நொச்சி பொய் சொன்னால் என் பிள்ளையை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவேன்?

மாமி விளக்குமாற்றுக் காம்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டா. அடிக்கடி எழும்பிப் போய், காம்பைத் தண்ணீர் ஓரத்தில் குத்திப் பார்த்துவிட்டு வந்து சொல்வா.

"வேலிக்கு வந்திட்டு."

பிறகு, "வேலிக்கு உள்ள வந்திட்டு. பயப்படாதகா."

பிறகு வெகுநேரம் மாமி படிக்கும் தண்ணீர் ஓரத்துக்குமாக நடந்தா. நான் ஓதிக்கொண்டே கிடந்தேன். கடைசியில் மாமி காம்பை மூலையில் வைத்துவிட்டு உள்ளே வந்தா.

"நிண்டிட்டு" என்றா. "நொச்சிக் காலைக் கழுவிட்டு நிண்டிட்டு. அல்ஹம்துலில்லாஹ்."

விடிந்தபோது தண்ணீர் வேலிக்கு வெளியே போயிருந்தது. மாமி கதவைத் திறந்து, வாசலில் நின்றபடியே கையை நீட்டி நொச்சிக் கொப்பை ஒடித்தா. அடுப்பில் தண்ணீர் வைத்தா. ஊரில் பாதிப் பேர் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் ஒதுங்கியிருந்த அந்தக் காலையில், நான் என் வீட்டுக்குள், என் வேலி இலையில் அவித்த சுடுதண்ணீரில் வேது குளித்தேன். என் முதுகில் தண்ணீர் ஊற்றியது மாமியின் கைதான்.

சூரியன் கொஞ்சம் ஏறியதும் வாப்பா வந்தார். யாரோ ஒருவரின் தோணியில் ஒழுங்கையால் வந்து, வேலியடியில் இறங்கினார். பிள்ளையைப் பார்க்கத்தான் ஓடி வருகிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்தவர் முதலில் குனிந்து, நெய்த துணியைத் தடவுவதுபோல் உள்ளங்கையால் நிலத்தைத் தடவினார். வாசலில், நடு வீட்டில், என் கட்டிலடியில் எல்லாம் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. அப்படியே கட்டிலடியில் உட்கார்ந்துகொண்டார். பிள்ளையின் காலைத் தொட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசினார்.

"தங்கச்சிக்கு ஒரு வளவு பார்த்திரிக்கன். இதுபோலதான், ஆத்துப் பக்கம். பற்றை மண்டிக் கெடக்கு. இன்னும் கத்தி வைக்கல்ல. ஒரு புல்லும் புடுங்கல்ல."

நான் பிள்ளையின் துணியைச் சரிசெய்தேன்.

"உனக்கு நாற்பது முடியட்டும். தண்ணியும் வடியட்டும். நீ வந்து பாரு மகள். எங்க கட்டுற எண்டு நீதான் சொல்லோணும்."

எனக்கு வீடு பார்த்தபோது இவர் என்னைக் கேட்கவில்லை. அந்தக் குறை எனக்குள் இவ்வளவு நாளும் இருந்தது என்பது அது போன அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. அழுகை வந்தது. "புள்ள பெத்தவள் அழக் கூடாது, பால் கெட்டுப் போகும்" என்று மாமி அடுக்களையிலிருந்து சத்தம் போட்டா. "ஓம் வாப்பா, வாறன்" என்றேன்.

நாற்பது முடிந்து, தண்ணீர் வடிந்து, ஒரு நல்ல வெயில் நாளில் நானும் வாப்பாவும் போனோம். பிள்ளையை மாமி வைத்துக்கொண்டா. தங்கச்சிக்குப் பார்த்த வளவில் பன்னும் கோரையும் நீர்முள்ளியும் வெள்ளம் குடித்த தெம்பில் தழைத்து நின்றன. நொச்சி எங்கே என்று ஒழுங்கையிலிருந்து தெரியவில்லை. உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். வாப்பாவும் தன் செருப்பைக் கழற்றி என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். நான் முன்னால் இறங்கினேன். அவர் என் பின்னால் வந்தார்.